முயல் வேட்டைக்கு எடுத்துப்போன நெய் இட்லி

அருண், நீ போன் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அதுவும் மறுநாள். அதனால் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தேன். இரண்டு முறையும் ஆபீஸ் ஈமெயில் மாதிரியே வந்தது. கடைசியில் உனக்கு ஒரு மீட்டிங் வைத்துவிடுவேனோ என்று பயந்து விட்டுவிட்டேன். தமிழில் எழுதினால் உனக்குப் படிக்க வராது, தெரியும். ஆனால் கேட்டால் புரியும். அம்மா கூப்பிட்டால் நீ எடுக்கிறாய், அவள் வாசித்துக் காட்டுவாள். என் தப்பு வரும் இடங்களை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசிப்பாள், அதையும் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். மார்ச்சில் உனக்கும் ஹானாவுக்கும் கல்யாணம். அந்தப் பெண் இப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்கிறாள். அதற்குக் காரணம் நான் என்று நீ நினைக்கிறாய். அவள் அப்பாவின் பண்ணையில் முயல் வேட்டைக்குப் போன அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும் என்பது உன் எண்ணம். நான் வாயைத் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதற்கு முன்னால் செய்ததற்குக் கேட்கிறேன். இரண்டும் வேறு வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் நாம் மூவரும் நம் ஊர் ஆலனிலிருந்து கிளம்பியது உனக்கு நினைவிருக்கும். சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போகிறோம் என்று அம்மா தட்டு, பழம், வேட்டி துண்டு, இரண்டு கிலோ மைசூர்பாகு எல்லாம் எடுத்து வைத்தாள். அது போதாதென்று வழிக்கும் அங்கே போய்ச் சாப்பிடவும் இட்லி. எனக்கு அல்சர் என்பதால் பொடி தடவாமல், நெய் மட்டும் விட்டு ஒரு தனி டப்பா. நீ வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அப்பா, ப்ளீஸ், அங்க கொஞ்சம் நார்மலா இருங்க. பாலிடிக்ஸ் பேச வேண்டாம், ‘எவ்வளவு ஏக்கர்’னு கேட்க வேண்டாம்” என்றாய். நான் எதையுமே கேட்கவில்லை. ஹானாவின் அப்பா டேல் தானாகவே சொன்னார், அது வேறு விஷயம்.

டேல் நல்ல மனுஷன். பருத்தி விவசாயி. மனைவி போன பிறகு ஹானாவையும் நாய்களையும் தனியாக வளர்த்தவர். நாம் தட்டை நீட்டியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். நீ சொல்லிக் கொடுத்திருப்பாய். நாம் தட்டு வைப்பதுபோல அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அது நாய்களை ஓடவிட்டுக் காட்டுவது. பருத்தி எடுத்து முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் குளிர்காலத்தில்தான் லர்ச்சர் நாய்களைக் கொண்டு முயல் பிடிப்பார்களாம். கிரேஹவுண்டோடு மேய்ச்சல் நாயைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு அது. ஒட்டிய வயிறு, இறங்கிய நெஞ்சு, நம் சிப்பிப்பாறை நாய்க்கு யாரோ கம்பளி முடி ஒட்டியதுபோல இருக்கிறது. ஜெட் இளசு. ரூபி எட்டு வயதுப் பெண் நாய், ஹானா காலேஜ் போகும்போது குட்டியாக வாங்கி வளர்த்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் டேல் தெளிவாகவே சொன்னார். ஓடும் நாளில் காலையில் நாய்க்கு எதுவும் கொடுக்க மாட்டோம், ஓடி முடித்து மூச்சு அடங்கிய பிறகுதான் சாப்பாடு என்றார். ஏன் என்றும் சொன்னார், நான் சரியாகக் கேட்கவில்லை. ஏனென்றால் அதே நேரம் அம்மா என் காதருகில், “ஏங்க, அந்த நாயிங்களுக்கு சோறே போட மாட்டாங்களா? விலா எலும்ப எண்ணிரலாம் போல இருக்கு. பட்டினி போட்டு ஓட விடறாங்களே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நம்மால் ஒரு ஜீவன் ஒட்டிய வயிற்றோடு நிற்பதைப் பார்க்க முடியாது. அதை ஒரு நல்ல குணம் என்றே இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

விடிவதற்கு முன்னால் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு, டப்பாவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ரூபி கொட்டகையிலிருந்து வந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றாள். குரைக்கவில்லை, கேட்கவில்லை, சாய்ந்து நின்றாள், அவ்வளவுதான். ஒரு இட்லியைப் பிட்டுக் கொடுத்தேன். நாக்கால் எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து இன்னொன்று கொடுத்தேன். அப்புறம் டப்பா காலி. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று, அதையும் மறைக்க மாட்டேன். என் காலை உணவை ஒரு வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகவே வண்டியில் ஏறினேன்.

உன் மாமனார் ஓட்டிய பிக்கப்பில் நாம் மூன்று பேரும் போனோம். ஹானாவும் அம்மாவும் வீட்டில் தங்கிவிட்டார்கள். எனக்கும் சேர்த்து ஆன்லைனில் வேட்டை லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாய். நீ இப்படியெல்லாம் யோசித்துச் செய்கிறவன். பருத்திக் கட்டையில் ஷூ நறநறக்க, ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரிந்து நடந்தோம். டேல் இரண்டு நாயையும் ஒரே வாரில் பிடித்திருந்தார். காற்று காதை அறுத்தது. திடீரென்று என் காலடியிலிருந்தே ஒரு முயல் எழுந்தது. முயலா அது, காது மட்டுமே ஒரு சாண் இருக்கும். டேல் கொஞ்சம் பொறுத்து, அதற்கு ஒரு தூரம் கொடுத்து, பிறகு வாரை அவிழ்த்தார்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. ஜெட் நேராகத் துரத்தினான். முயல் வெட்டித் திரும்பியபோது அவன் வழுக்கிக்கொண்டு எங்கோ போனான். ரூபி மட்டும் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்பே தெரிந்தவள்போலக் குறுக்கே வந்து மறித்தாள். இரண்டு முறை மறித்தாள். மூன்றாவது முறை முயல் வேலிக்கடியில் புகுந்து தப்பித்துவிட்டது. டேலுக்கு வருத்தமே இல்லை, தொப்பியைத் தொட்டு முயலுக்கு ஒரு சலாம் போட்டார். இந்த ஆள் நம் வீட்டுச் சம்பந்தியாக வரட்டும் என்று எனக்கு மனசாரத் தோன்றியது அப்போதுதான்.

ரூபி திரும்பி வந்தாள். ஆனால் அவர் பக்கத்தில் வரவில்லை. தள்ளி நின்று, கழுத்தை நீட்டி வாந்தி எடுப்பதுபோலக் குமட்டினாள். எதுவும் வரவில்லை, எச்சில்தான் ஒழுகியது. டேல் மண்டி போட்டு அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “இவளுக்கு யாராவது ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, டாக்டர் கேட்பதுபோலக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். என் ஜாக்கெட் டப்பாவோடு புடைத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ, “நான்தான். ஒரே ஒரு பிஸ்கட். சின்னது. சாரி” என்றாய். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

டேல் மூச்சு விட்டார். ஒரு பிஸ்கட்டால் ஒன்றும் ஆகாது, வயசாகிவிட்டது, ஓடிக் களைத்திருக்கிறாள், வண்டியில் போர்வை போர்த்திப் படுக்க வைப்போம், ஜெட்டை மட்டும் அடுத்த நிலத்தில் ஓட்டலாம் என்றார். அவளை வண்டியில் விட்டுவிட்டு மூவரும் நடக்கத் தொடங்கினோம். நீ எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, “இட்ஸ் ஓகே அப்பா. விடுங்க” என்றாய். நானும் விட்டேன். அருண், நான் மன்னிப்புக் கேட்பது அந்தக் கொஞ்ச தூரத்துக்குத்தான். அந்த நடையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை நம்மை விட்டுக்கொடுக்கவில்லை என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நடந்தேன். வேலியைத் தாண்டப் போகும்போது பின்னாலிருந்து ரூபி மறுபடி குமட்டும் சத்தம் கேட்டது. வெறும் காற்று இழுக்கும் சத்தம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “பிஸ்கட் இல்லை. அவன் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன், இந்த டப்பா முழுக்க” என்று சொல்லி டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

டேல் என்னைத் திட்டவில்லை. அது என்ன என்று கேட்டார். அரிசி, வேக வைத்தது, நெய் விட்டது என்றேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். அந்த மனுஷன் என் வயசு இருப்பார், திரும்பி வண்டியைப் பார்த்து ஓடிய ஓட்டம் ரூபியின் ஓட்டத்துக்குக் குறைந்ததில்லை. இந்த மாதிரி இறங்கிய நெஞ்சுள்ள நாய் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளுமாம். முந்தின ராத்திரி நான் கேட்காமல் விட்டது அதைத்தான். பக்கத்து ஊர் நாய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று பிறகு சொன்னார். பிழைத்துவிட்டாள். இப்போது வீட்டுக்குள்ளேயே நடக்கிறாளாம், தையலும் பிரித்தாயிற்று.

உன் பிஸ்கட்டை நம்பி நாம் அடுத்த நிலத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ யோசித்தாயா? ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நீ என்னிடம், “ஐ வாஸ் ஹேண்ட்லிங் இட், அப்பா. அவர் முன்னாடி என்னை லையர் ஆக்கிட்டீங்க” என்றாய். நான் சும்மா இருந்திருக்கலாம். “நீ சொன்னது பொய்தானே?” என்று கேட்டுத் தொலைத்தேன். எனக்கு எப்போதும் சரியான கேள்வி தப்பான நேரத்தில்தான் வரும், உன் அம்மாவைக் கேட்டுப் பார். அதற்குள் அம்மாவை அழைத்துக்கொண்டு ஹானா வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். இட்லி கொடுத்தது தெரியாமல் செய்தது, இதில் எதற்குப் பொய் என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். நம் வீட்டில் பொய் என்பது மரியாதையில் ஒரு வகை. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது எனக்கு வேலை போயிற்று. ஊரிலிருந்து பெரியப்பா போன் பண்ணுவார். நான் சோபாவில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். “அப்பா ஆபீஸ் போயிருக்காருன்னு சொல்லு” என்று சைகை காட்டுவேன். நீ திக்காமல் திணறாமல் சொல்வாய். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று உன்னைத் தட்டிக் கொடுத்தேன். ஐசலினில் அத்தை வீட்டுக்குப் போனால், நம் வீட்டில் கோழி தின்னும் நீ சிக்கனே தொடாத பையன். அத்தையின் ஊறுகாய் பிரமாதம் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தோம், நீ இரண்டு தரம் வாங்கிப் போட்டுக்கொண்டாய். யார் மனசும் நோகக்கூடாது, யாரும் நம்மைப் பற்றிக் குறைவாக நினைக்கக்கூடாது. இப்படித்தான் உன்னை வளர்த்தோம். அந்த நிலத்தில் நீ யோசிக்காமல் அந்தப் பிஸ்கட்டைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. என் கை வேலையை நானே எதிரில் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா வாராவாரம் செய்யும் ரவா கிச்சடி எனக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில், புதுப் பெண் மனசு கோணக்கூடாது என்று நன்றாக இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறேன். இந்த இடத்தில் அம்மா வாசிப்பதை நிறுத்துவாள். கொஞ்சம் நேரம் கொடு, மறுபடி ஆரம்பிப்பாள். ஒரு கிச்சடியால் குடும்பம் கெட்டுவிடவில்லைதான். ஆனால் அவள் எனக்காகத்தான் அதைச் செய்கிறாள், அவளுக்கும் அது பிடிக்காது என்று போன வருஷம்தான் தற்செயலாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மனசை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, யாருக்கும் பிடிக்காததைத் தின்றுகொண்டிருக்கிறோம். நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய் என்பதால் சொல்கிறேன். இதைவிட நல்ல அறிவுரை என்னிடம் இல்லை.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் ஹானா எனக்குப் போன் பண்ணினாள். “அங்கிள், உங்களை ஒன்று கேட்கலாமா? அருண் என்னிடம் பொய் சொல்வானா?” என்றாள். சேச்சே, தங்கமான பிள்ளையம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். “சொல்வான். உனக்கு வருத்தம் வரும் என்று தோன்றினால் யோசிக்காமல் சொல்வான்” என்றேன். இதுவரை என்ன பொய் சொல்லியிருக்கிறான் என்று கேட்டாள். நான் அறிந்தவரை ஒன்றுதான். அதைச் சொன்னேன். உனக்கு நாய் என்றால் பயம் என்று சொன்னேன்.

இர்விங் அபார்ட்மெண்டில் உனக்கு ஏழு வயசாக இருக்கும்போது பக்கத்து வீட்டு நாய் உன் ஜாக்கெட்டைக் கவ்வி இழுத்துக் கீழே தள்ளியதையும், அதன்பிறகு நாய் வந்தால் நீ தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவாய் என்பதையும் சொன்னேன். மூன்று குளிர்காலமாக அவளிடம் நாய் ரொம்பப் பிடிக்கும், வேட்டை ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு, விடியற்காலையில் அந்த நாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறாய். அன்று நிலத்தில் நான் பார்த்தேன், ஜெட் பக்கத்தில் வரும்போதெல்லாம் உன் இரண்டு கையும் பாக்கெட்டுக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது, பெற்றவனுக்குத் தெரியும்.

அதைவிட ஒன்றைச் சொன்னேன். டேல் பிக்கப்பை விரட்டிக்கொண்டு போனபோது நான் முன்னால் இருந்தேன், நீ பின் சீட்டில் ரூபியை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாய். அவள் வலியில் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவள் பல் உன் முகத்துக்கு நேராக இருந்தது. உன் முகம் சுவர்போல வெளுத்திருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. வழி முழுக்க அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, “கமான் ரூபி, கமான் ரூபி” என்று சொல்லிக்கொண்டே வந்தாய். என் பிள்ளையைப் பற்றி எனக்கு எத்தனையோ முறை பெருமையாக இருந்திருக்கிறது. பட்டம் வாங்கியபோது, வேலை கிடைத்தபோது. அதெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொள்ளும் பெருமை. அன்று கண்ணாடியில் பார்த்தது எனக்கே எனக்கானது. அதை உன்னிடம் அங்கேயே சொல்லாமல், பார்க்கிங்கில் வந்து பொய்தானே என்று கேட்டேன் பார், அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

ஹானா அழுதாளா சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை. பிறகு, “மூன்று வருஷமாகவா?” என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ அவளைப் பார்க்கப் போகும்போது இதை உன்னிடமே கேட்கப் போவதாகவும், நான் உனக்குச் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். மன்னித்துக்கொள்ளம்மா, நான் சொல்லிவிடுவேன் என்றேன். இதையும் ஒளித்து வைக்க எனக்குத் தெம்பில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, சொல்லுங்கள். தெரிந்த பிறகும் அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்கிறேன்” என்றாள்.

அதனால் உனக்குத் தெரிந்தே கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ரூபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உனக்கு நாய் பிடிக்குமா என்று கேட்பாள். உன் வாயில் முதலில் வரப்போகும் பதில் என்ன என்று எனக்குத் தெரியும், நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதைச் சொல்லாதே. பயம் என்று சொல். மூன்று வருஷமாகப் பயம் என்று சொல். ரூபியை மடியில் வைத்திருந்தபோதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது என்று சொல்.